பிராணவாயு திரும்பி வரும்போது

1933-ம் வருடம், ஏப்ரல் 3. உக்ரைனில் கெர்சோன் என்றொரு ஊர். இருபத்தாறு வயதுப் பெண் ஒருத்தியை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். தற்கொலை முயற்சி. குடித்தது பாதரச உப்பு. சிறுநீரகம் இரண்டும் அடியோடு படுத்துவிட்டன. டயாலிசிஸ் சிகிச்சை புழக்கத்துக்கு வராத காலம். நாளை எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

டாக்டர் யூரி வோரோனோய் எண்ணிக்கொண்டிருக்கத் தயாராக இல்லை. தலையில் அடிபட்டு இறந்துபோன அறுபது வயதுக்காரர் ஒருவரின் சிறுநீரகத்தை எடுத்தார். அந்தப் பெண்ணின் தொடையில் வைத்து ரத்தக்குழாய்களைத் தைத்தார். மனிதரிடமிருந்து மனிதருக்குச் சிறுநீரகம் மாற்றப்பட்டது உலகத்திலேயே அதுதான் முதல் முறை. கொஞ்சம் சிறுநீர்கூட வந்தது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். அப்புறம் நின்றுவிட்டது. இரண்டாம் நாள் அந்தப் பெண் இறந்துபோனாள்.

ஏன்? ரத்த குரூப் ஒத்துப்போகவில்லை. கொடுத்தவர் 'பி', வாங்கியவர் 'ஓ'. இன்றைக்குப் பள்ளிக்கூடப் பையனே சொல்லிவிடுவான், இது தேறாது என்று.

ஆனால் அந்தக் கேஸில் இன்னொரு குற்றவாளியும் உண்டு. மரணம் நிகழ்ந்து ஆறு மணி நேரம் கழித்துத்தான் சிறுநீரகத்தை எடுத்திருந்தார்கள். ஆறு மணி நேரம் ரத்தம் இல்லை, பிராணவாயு இல்லை. பட்டினி கிடந்து வந்த உறுப்பு. சரி, பட்டினி கிடந்தால் கெட்டுப்போகும், அதிலென்ன மர்மம் என்று கேட்பீர்கள். எல்லா டாக்டர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். ஏறக்குறைய ஐம்பது வருடம் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

சங்கதி அவ்வளவு சுலபமாக இல்லை. பட்டினி போட்டது பாதிதான். மீதியைச் செய்தது, பட்டினி முடிந்ததும் பரிமாறப்பட்ட சாப்பாடு.

சிறுநீரகம் ஒரு சாப்பாட்டுராமன். இரண்டையும் சேர்த்து எடை போட்டால் உடம்பின் எடையில் அரை சதவிகிதம்கூட வராது. ஆனால் இதயம் அனுப்புகிற ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்ளும். செய்கிற வேலையும் அப்படி. தினமும் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டி, ஒன்றரை லிட்டரை மட்டும் வெளியே தள்ளிவிட்டு, மிச்சத்தையெல்லாம் மறுபடி உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். வடிகட்டுவது பெரிய காரியமில்லை. திரும்ப இழுப்பதற்குத்தான் எக்கச்சக்க எனர்ஜி. அதனால் அந்த இழுக்கிற செல்களுக்குள் மைட்டோகாண்ட்ரியா எனப்படும் குட்டிக் குட்டி பவர் ஹவுஸ்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். எரிபொருளை எரிக்கப் பிராணவாயு வேண்டும். இந்தத் தகவலை மனசில் ஓர் ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் வேண்டியிருக்கும்.

1954 டிசம்பர் 23. அமெரிக்காவின் பாஸ்டன் நகரம், பீட்டர் பென்ட் பிரிகாம் ஆஸ்பத்திரி. ஜோசப் முர்ரே என்ற சர்ஜன், ரொனால்ட் ஹெரிக்கிடமிருந்து எடுத்த ஒரு சிறுநீரகத்தை அவருடைய சகோதரர் ரிச்சர்டுக்குப் பொருத்தினார். சகோதரர் என்றால் ஒட்டிப் பிறக்காத குறையாக, அச்சில் வார்த்த மாதிரியான இரட்டைப் பிள்ளை. ஆகவே 'இது என் உறுப்பு இல்லை' என்று உடம்பு சண்டைக்கு வராது. ஒரு மணி 22 நிமிடம் அந்தச் சிறுநீரகம் ரத்தம் இல்லாமல் இருந்தது. கிளாம்ப்பைத் திறந்தார்கள். வெளிறிக் கிடந்த உறுப்பு ரோஜா நிறத்துக்கு வந்தது. சிறுநீர் பீறிட்டதில் தரையைத் துடைக்க வேண்டியதாயிற்று. ரிச்சர்ட் தன்னைக் கவனித்துக்கொண்ட நர்ஸையே கல்யாணம் செய்துகொண்டு, குழந்தைகள் பெற்று, இன்னும் எட்டு வருடம் வாழ்ந்தார். முர்ரேவுக்கு 1990-ல் நோபல் பரிசு.

எல்லோருக்கும் தெரிந்த கதை இது. அதே 1954-ல் நடந்த இன்னொரு சமாசாரம் அவ்வளவாகத் தெரியாது.

ரெபேக்கா கெர்ஷ்மன் என்று அர்ஜென்டினாவிலிருந்து வந்த பெண் விஞ்ஞானி. அமெரிக்காவில் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். 'சயின்ஸ்' பத்திரிகையில் தன் சகாக்களோடு ஒரு கட்டுரை வெளியிட்டார். அளவுக்கு மீறிய பிராணவாயு உடம்பைக் கெடுக்கிறதே, எக்ஸ்-ரே கதிர்வீச்சும் கெடுக்கிறதே, இரண்டும் ஒரே வழியில்தான் கெடுக்கின்றன என்றார். அந்த வழிக்குப் பெயர் ஃப்ரீ ராடிகல். அதாவது ஜோடியை இழந்த எலெக்ட்ரானோடு அலையும் மூலக்கூறு. ஜோடி தேடி எதன் மீது வேண்டுமானாலும் பாயும். கொழுப்பு, புரதம், டி.என்.ஏ. எதிரில் வந்தது அம்பேல்.

பிராணவாயுவைப் போய் விஷம் என்பதா? பெரும்பாலானவர்கள் அம்மையாரைச் சட்டை செய்யவில்லை. உயிர் மூச்சு என்று பெயர் வைத்த பொருள் அல்லவா? பாஸ்டனில் கிளாம்ப்பைத் திறந்து பிராணவாயுவை வரவேற்றவர்களுக்கும், ராச்செஸ்டரில் அதைச் சந்தேகப்பட்டவருக்கும் பேச்சுவார்த்தையே இருந்திருக்காது. இரண்டு துறைகள், இரண்டு உலகங்கள்.

*

அடுத்த பதினைந்து வருடம் சர்ஜன்களின் கவலையெல்லாம் நேரம்தான். எல்லோருக்குமா இரட்டைச் சகோதரர் இருக்கிறார்? இறந்தவர்களிடமிருந்து எடுத்தால், ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குக் கொண்டுபோக வேண்டும். அதுவரை கெடாமல் இருக்க வேண்டும். விடை, வீட்டு ஃப்ரிட்ஜில் இருப்பதுதான். குளிர். நாலு டிகிரி குளிரில் செல்லின் வேலை பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். வேலை இல்லாவிட்டால் பசியும் இல்லை.

ஆனால் வெறும் ஐஸ் போதாது. குளிரில் செல்லின் பம்புகளும் நின்றுபோகும். உப்புநீர் உள்ளே புகுந்து செல் ஊதிவிடும். 1969-ல் ஜெஃப்ரி காலின்ஸும் பால் தெரசாகியும் கலிஃபோர்னியாவில் இதற்கு வழி கண்டார்கள். செல்லுக்கு வெளியே இருக்கிற உப்புக் கலவைக்குப் பதிலாக, உள்ளே இருக்கிற கலவையைப் போலவே பொட்டாசியம் தூக்கலாக ஒரு கரைசல். அதைச் செலுத்தி ஐஸில் வைத்தால் நாயின் சிறுநீரகம் 30 மணி நேரம் தாங்கியது. தெரசாகி என்ற பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். ஜப்பானிய வம்சாவளி. இரண்டாம் உலகப் போர் சமயத்தில், ஜப்பான்காரர்கள் என்ற ஒரே காரணத்துக்காக அமெரிக்கா தன் குடிமக்களையே முகாமில் அடைத்து வைத்தபோது, சிறுவனாகக் குடும்பத்தோடு உள்ளே இருந்தவர்.

சான்ஃபிரான்சிஸ்கோவில் ஃபோல்கெர்ட் பெல்சர் வேறு பாதையில் போனார். ஐஸ் பெட்டி வேண்டாம், மெஷின் வைத்துக் குளிர்ந்த திரவத்தை ஓட்டிக்கொண்டே இருப்போம். 1967-ல் நாய்ச் சிறுநீரகத்தை 72 மணி நேரம் காப்பாற்றிக் காட்டினார். மெஷினோ பீரோ சைஸ். ஐஸ் பெட்டியோ சல்லிசு. எது ஜெயித்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. சென்னையில் டிராஃபிக்கை நிறுத்தி ஆம்புலன்ஸுக்கு வழிவிட்டபோது நீங்களும் ஓரமாக நின்று பார்த்திருக்கலாம். அதற்குள்ளே போகிற பெட்டியின் தாத்தா இந்த ஐஸ் பெட்டிதான்.

இவ்வளவு செய்தும் ஒரு தலைவலி மட்டும் தீரவில்லை. பெட்டியிலிருந்து எடுக்கும்போது சிறுநீரகம் நன்றாக இருக்கும். தைப்பார்கள். கிளாம்ப்பைத் திறப்பார்கள். சிவக்கும். சில சமயம் சிறுநீர்கூட வரும். சில மணி நேரம் கழித்துப் பார்த்தால், ம்ஹூம். வேலைநிறுத்தம். 'தூங்குகிறது' என்பார்கள் டாக்டர்கள். ஆபரேஷன் ஆன நோயாளியை மறுபடி டயாலிசிஸ் மெஷினில் படுக்கவைக்க வேண்டும். சில நாள், சில வாரம். பெரும்பாலும் விழித்துக்கொள்ளும். சில விழிப்பதே இல்லை. எந்த மெஷினிலிருந்து விடுதலை என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்தார்களோ, அதே மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற குடும்பத்தை நினைத்துப் பாருங்கள்.

ஐஸில் இருந்தவரை ஒழுங்காக இருந்தது, ரத்தம் பாய்ந்த பிறகு ஏன் கெட்டது? இந்தக் கேள்விக்குப் பதில், சிறுநீரகத்தைத் தொட்டே பார்க்காத ஓர் இடத்திலிருந்து வந்தது.

மறுபடி 1969. டியூக் பல்கலைக்கழகம். ஜோ மெக்கார்ட் என்ற ஆராய்ச்சி மாணவரும் அவருடைய வாத்தியார் இர்வின் ஃப்ரிடோவிச்சும் மாட்டு ரத்தத்திலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தார்கள். புதுச் சரக்கல்ல. 1938-லேயே இங்கிலாந்தில் கண்டுபிடித்தது. தாமிரம் கலந்த, நீலப்பச்சை நிறப் புரதம். எதற்கு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாததால், தாமிரத்தைச் சேர்த்து வைக்கிற டப்பா போலிருக்கிறது என்று விட்டுவிட்டிருந்தார்கள். டப்பா இல்லை, போலீஸ் என்று கண்டுபிடித்தார் மெக்கார்ட். சூப்பர் ஆக்சைடு என்கிற பிராணவாயு ரவுடியைப் பிடித்து முடக்குவது அதன் வேலை. பெயர் சூப்பர் ஆக்சைடு டிஸ்ம்யூடேஸ். வாய் வலிக்கும். எஸ்.ஓ.டி. என்போம்.

இதில் ஒரு சின்ன லாஜிக் இருக்கிறது. பிராணவாயுவைச் சுவாசிக்கிற நம் உடம்பே ஊரெல்லாம் போலீஸைப் போட்டு வைத்திருக்கிறது என்றால், ரவுடிகள் நிஜமாகவே தினமும் உற்பத்தியாகிறார்கள் என்றுதானே அர்த்தம்? கெர்ஷ்மன் சொன்னது பதினைந்து வருடம் கழித்து எடுபட்டது.

1981-ல் மெக்கார்ட், நீல் கிரேஞ்சர் என்பவரோடு சேர்ந்து பூனையின் குடலில் சோதனை செய்தார். ரத்தத்தை நிறுத்தி, திரும்ப விட்டார்கள். எஸ்.ஓ.டி. கொடுத்திருந்தால் சேதம் குறைந்தது. 1986-ல் கிரேஞ்சர் குழு செய்த சோதனைதான் பிரமாதம். ஒரு பூனைக்கு நாலு மணி நேரம் ரத்தம் நிறுத்தம். இன்னொன்றுக்கு மூன்று மணி நேரம் நிறுத்தம், ஒரு மணி நேரம் ரத்தம். எதற்குச் சேதம் அதிகம்? நாலு மணி நேரம் பட்டினி கிடந்ததற்கு என்றுதான் நீங்களும் நானும் சொல்வோம். இல்லை. கடைசி ஒரு மணி நேரம் ரத்தம் கிடைத்ததே, அதற்குத்தான் அதிகம்.

அவர்கள் சொன்ன காரணத்தை பி.காம் படித்தவன் பாஷையில் சொல்கிறேன். செல்லுக்குள் ஏ.டி.பி. என்பதுதான் கரன்சி. பிராணவாயு இருந்தால் செலவழிக்கச் செலவழிக்க நோட்டு அச்சடித்துக்கொண்டே இருக்கும். ரத்தம் நின்றால் அச்சகம் மூடிவிடும். கையிருப்பு கரைந்து, நோட்டு சில்லறையாகி, சில்லறையும் செல்லாக்காசாகிக் குவியும். அந்தச் செல்லாக்காசின் பெயர் ஹைப்போசாந்தைன். அதைக் கரைக்கிற சாந்தைன் ஆக்சிடேஸ் என்சைமும் பக்கத்திலேயே தயாராக இருக்கும். இல்லாதது ஒன்றே ஒன்று, பிராணவாயு. கிளாம்ப் திறந்ததும் அது வெள்ளமாக வருகிறது. குவிந்ததெல்லாம் ஒரே நேரத்தில் கணக்குத் தீர்க்கப்படுகிறது. கழிவாக வெளியே வருவது, சூப்பர் ஆக்சைடு. இருக்கிற போலீஸ் போதவில்லை. இதைத்தான் ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் என்கிறார்கள். தமிழில் ஆக்சிஜனேற்ற அழுத்தம்.

எண்பதுகளின் நடுவில் எலிச் சிறுநீரகத்திலும் இதைப் பார்த்தார்கள். பன்றியில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ்காரர்கள் பார்த்தார்கள். ஐஸில் வைத்த சிறுநீரகத்துக்கு, ரத்தம் திறக்கிற நேரத்தில் எஸ்.ஓ.டி. கொடுத்தபோது நன்றாக வேலை செய்தது.

பெல்சர் சும்மா இருப்பாரா? விஸ்கான்சினுக்கு மாறியிருந்த அவர், ஜேம்ஸ் சதார்டோடு சேர்ந்து புதுக் கரைசல் தயாரித்தார். 1987-ல் மனிதர்களுக்குப் பயன்பட ஆரம்பித்தது. அதில் இரண்டு சரக்குகளைக் கவனிக்க வேண்டும். ஒன்று குளூட்டாதயோன், ரவுடிகளைத் தன் மேல் வாங்கிக்கொள்ளும் தியாகி. இன்னொன்று அல்லோப்யூரினால். சாந்தைன் ஆக்சிடேஸின் வாயைக் கட்டும் மருந்து. மூட்டுவாதத்துக்குச் சாப்பிடுகிற அதே மாத்திரைதான். அதை உருவாக்கிய குழுவில் இருந்த கெர்ட்ரூட் எலியன், டாக்டர் பட்டம் வாங்காமலே 1988-ல் நோபல் வாங்கிய பெண்மணி. மாற்றிய சிறுநீரகத்தை உடம்பு நிராகரிக்காமல் தடுத்த முதல் மருந்துகளில் ஒன்றான அசதயோப்ரினும் அவர்கள் கைவண்ணம். வேடிக்கை, இந்த இரண்டு மருந்தையும் ஒரே ஆசாமி யோசிக்காமல் சேர்த்துச் சாப்பிட்டால் ஆபத்து.

*

சரி, எஸ்.ஓ.டி.யை மனிதருக்கே ஊசியாகப் போட்டால்? மூனிச்சில் வால்டர் லாண்ட் என்ற சர்ஜன் போட்டார். ஆபரேஷன் சமயத்தில் ஒரே ஒரு தடவை, 200 மில்லிகிராம். எதிர்பார்த்தது, சிறுநீரகம் தூங்காமல் இருக்கும் என்று. அதில் பெரிய பலன் இல்லை. இதை வேறு இடங்களில் சோதித்தவர்களும் உதட்டைப் பிதுக்கினார்கள். ஆனால் லாண்ட் நோயாளிகளை விடாமல் வருடக்கணக்கில் கவனித்தார். 1994-ல் வெளியான கணக்கைப் பாருங்கள். ஊசி போடாதவர்களில் 33.3 சதவிகிதம் பேருக்கு நிராகரிப்பு வந்திருந்தது. போட்டவர்களில் 18.5. நாலு வருடம் கழித்தும் சிறுநீரகம் வேலை செய்தது, போடாதவர்களில் 52 சதவிகிதம், போட்டவர்களில் 74.

முதல் நாள் போட்ட ஒரு ஊசி, நாலாம் வருடத்தில் எப்படிப் பேசும்? நிராகரிப்பு என்பது அந்நியனை அடையாளம் கண்டு விரட்டுகிற வேலை என்றல்லவா பாடம்? லாண்ட் சொன்னார், அந்நியன் என்பது மட்டும் காரணமில்லை, அடிபட்ட அந்நியன் என்பதுதான் காரணம். ரத்தம் திரும்பிய அந்த முதல் சில நிமிடங்களில் செல்கள் எரிந்து அபாயச் சங்கு ஊதுகின்றன. சங்குச் சத்தம் கேட்டுத்தான் சிப்பாய்கள் வருகிறார்கள்.

அதே 1994-ல், இதோடு எந்தத் தொடர்பும் இல்லாமல், பாலி மாட்சிங்கர் என்ற அமெரிக்க விஞ்ஞானியும் ஏறக்குறைய இதையே சொன்னார். உடம்பு 'யார் நீ' என்று பார்ப்பதில்லை, 'ஆபத்தா' என்றுதான் பார்க்கிறது. (அம்மணி குறும்புக்காரர். 1978-ல் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையில் தன்னுடைய நாயின் பெயரையும் ஆசிரியராகச் சேர்த்து வெளியிட்டவர்.)

நம்புவதா, வேண்டாமா என்று உலகம் யோசித்துக்கொண்டிருந்தபோது, 1995-ல் நம்ம தெரசாகி ஒரு கணக்கோடு வந்தார். அமெரிக்காவில் நடந்த ஆயிரக்கணக்கான ஆபரேஷன்கள். மூன்று வருடம் கழித்து எத்தனை சிறுநீரகம் பிழைத்திருக்கிறது? அப்பா அம்மா கொடுத்ததில் 82 சதவிகிதம். இறந்தவர்களிடமிருந்து எடுத்ததில் 70. கணவனோ மனைவியோ கொடுத்ததில் 85!

ரத்த சம்பந்தமே இல்லாத மனைவியின் சிறுநீரகம், பெற்ற தாயுடையதற்கு ஒரு படிகூடக் குறையவில்லை. திசுப் பொருத்தம் பார்த்தால் மோசம்தான். ஆனால் ஆரோக்கியமான உடம்பிலிருந்து, பக்கத்து அறையிலிருந்து, நேராக வந்தது. பட்டினியும் குறைவு, திரும்பி வந்த பிராணவாயுவின் அடியும் குறைவு. அன்பினால் பிழைத்தது என்று பத்திரிகையில் எழுதலாம். எழுதவும் செய்வோம். தெரசாகி சொன்ன காரணம் அடிபடாத உறுப்பு என்பதுதான். அவர் ஒத்துக்கொள்ளாததைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

சாந்தைன் ஆக்சிடேஸ் கதைக்கும் பிறகு சோதனை வந்தது. எலியோடு ஒப்பிட்டால் மனித உடம்பில் பல இடங்களில் அந்த என்சைம் ரொம்பக் குறைவு. அப்படியானால் மனிதரில் ரவுடி எங்கேயிருந்து வருகிறான்? ஓரமாக வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அந்த பவர் ஹவுஸைப் பார்க்க வேண்டிய நேரம் இது. 2014-ல் கேம்பிரிட்ஜில் மைக்கேல் மர்ஃபியும் சகாக்களும், ரத்தம் இல்லாத நேரத்தில் எலியின் சிறுநீரகம், இதயம் முதலான உறுப்புகளில் சக்சினேட் என்ற பொருள் குவிவதைக் காட்டினார்கள். பிராணவாயு வந்ததும் மைட்டோகாண்ட்ரியா அதை அவசரமாக எரிக்கிறது. அந்த அவசரத்தில் எலெக்ட்ரான்கள் ஒன்வே தெருவில் எதிர்த் திசையில் ஓடுகின்றன. விபத்து நடக்கிற முனையில் சூப்பர் ஆக்சைடு. எல்லாம் முதல் சில நிமிடங்களுக்குள். எரிவதைத் தடுக்கிற ஒரு மருந்தை முன்கூட்டியே கொடுத்தபோது எலியின் இதயத்தில் சேதம் குறைந்தது. மைட்டோகாண்ட்ரியா நெருக்கியடிக்கிற சிறுநீரகம் ஏன் இந்த அடியை இவ்வளவு வாங்குகிறது என்பதற்கும் ஓரளவு விளக்கம் கிடைத்தது.

பீரோ சைஸ் மெஷினும் இளைத்துத் திரும்பி வந்திருக்கிறது. ஐரோப்பாவில் 336 பேரிடம் எடுத்த சிறுநீரகங்களில், ஒன்றை ஐஸ் பெட்டியிலும் அதன் ஜோடியை மெஷினிலும் வைத்துப் பார்த்தார்கள். 2009-ல் முடிவு வந்தது. ஐஸில் இருந்தவற்றில் 26.5 சதவிகிதம் தூங்கின. மெஷினில் 20.8. 2020-ல் வந்த இன்னொரு சோதனையில், குளிர்ந்த திரவத்தோடு பிராணவாயுவையும் கலந்து ஓட்டினார்கள். பெரிய சிக்கல்களும் நிராகரிப்பும் குறைந்தன. எந்த வாயு குற்றவாளியோ அதையே குளிரில், நிதானமாக, கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டுவது! உடம்பின் சூட்டிலேயே ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்த பிரிட்டிஷ் சோதனை 2023-ல் ஏமாற்றியது. தூங்குமூஞ்சிகளின் எண்ணிக்கை ஐஸ் பெட்டிக்குச் சமமாகவே இருந்தது.

எஸ்.ஓ.டி. ஊசி கடைசிவரை வழக்கத்துக்கு வரவில்லை. ஆனால் பல ஆபரேஷன் தியேட்டர்களில் கிளாம்ப்பைத் திறப்பதற்குச் சற்று முன்னால் நோயாளிக்கு மானிட்டால் என்ற திரவத்தை ஏற்றுவார்கள். சர்க்கரைக்குச் சித்தப்பா முறையுள்ள, ரொம்ப மலிவான பழைய சரக்கு. நிறைய சிறுநீர் வரவைக்கும் என்பதற்காகக் கொடுக்க ஆரம்பித்தது. சூப்பர் ஆக்சைடைவிடப் பொல்லாத ஹைட்ராக்சில் என்றொரு ரவுடியையும் அது பிடித்து வைக்கும் என்பது பின்னால்தான் தெரிய வந்தது.